அப்பா கையசைத்த மூலை

1

அப்பா இறந்து ஒரு வருஷம் நிறைந்த அன்று, இந்த ஊரில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

மதியத்தோடு கிளம்ப அனுமதி கேட்டிருந்தேன். காரணம் சொல்ல வேண்டுமே என்று, 'இன்று என் அப்பாவின் ஆண்டு நாள்' என்பதை எனக்குத் தெரிந்த டச்சு மொழியில் சொன்னேன். நான் எடுத்த சொல்லுக்கு இங்கே பிறந்தநாள் என்று பொருள். நெதர்லாந்தில் பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவர் வீட்டார் எல்லோருக்குமே வாழ்த்துச் சொல்வார்கள். என் மேலதிகாரி நல்ல மனிதர். எழுந்து வந்து கைகுலுக்கி, அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டார். ஐம்பத்தெட்டு என்றேன். இளமைதான் என்றார். திருத்தியிருக்கலாம். திருத்தினால் அவர் கலங்கிப்போவார், அவரை நான் தேற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கு அதற்குத் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ரயில் நிலையத்தில் நிற்கும்போது ஃபோன் அதிர்ந்தது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கேமராவின் செயலியிலிருந்து ஒரு செய்தி. இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ்.

'சென்ற ஆண்டு இதே வாரம்! உங்கள் வீட்டின் மிகப் பெரிய கொண்டாட்டத்தை மீண்டும் கண்டு மகிழுங்கள்.'

பக்கத்தில் பலூன் படம் போட்டிருந்தது.

2

அந்தக் கேமராவை வாங்கியவர் அப்பா. மரவள்ளிக் கிழங்குக்கு விலை பேச சேலம் போனவர், திரும்பும்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். ஊரில் கேபிள் இணைப்புக் கொடுக்கும் குமாரண்ணனைக் கூப்பிட்டு, ஆசாரத்தின் மூலையில், பரணுக்கும் மேலே மாட்டச் சொன்னார். எங்கள் பக்கத்தில் வீட்டின் முன்கூடத்தை ஆசாரம் என்போம். அங்கே மாட்டினால் வாசல் நடையிலிருந்து சமையலறைக் கதவு வரை ஒன்றும் தப்பாது.

அன்று நான் வீடியோ அழைப்பில் இருந்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க, இத எதுக்கு ஊட்டுக்குள்ள மாட்டறீங்க? ஆசாரத்துக்குள்ளயா திருடன் வாரான்?"

"திருடனுக்கில்ல புள்ள, அம்மிணிக்கு. அங்க உக்காந்துட்டு எப்ப நெனச்சாலும் ஊட்டப் பாக்கட்டும்."

"அப்ப நானு நைட்டியோட நடக்கறதெல்லாம் நெதர்லாந்துல தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன இப்ப? உம்பொண்ணுதான பாக்குது."

ஏணியில் நின்றிருந்த குமாரண்ணன் சிரித்தார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் காட்டு வேலைக்குக் கிளம்பும்போது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த மூலைக்கு நேராக வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார். வலது கையை உயர்த்தி ஒருமுறை அசைப்பார். பேசமாட்டார். அந்த நேரத்தில் இங்கே விடிந்திருக்காது, நான் தூங்கிக்கொண்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். எழுந்து காபி குடிக்கும்போது பதிவைப் பார்ப்பேன்.

என் மகள் யாழினிக்கு நான்கு வயது. ஊருக்கு ஒரே ஒரு முறை வந்திருக்கிறாள். அவளுக்கு அப்புச்சி வீடு, அதாவது என் அப்பா வீடு என்றால், மேலிருந்து தெரியும் அந்தப் படம்தான். பள்ளியில் 'என் குடும்பம்' என்று வரையச் சொன்னபோது, அம்மாயிக்கு, என் அம்மாவுக்கு, ஒரு கறுப்பு வட்டமும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடும் போட்டிருந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டார். வகிடு என்று சொல்ல எனக்கு டச்சில் சொல் தெரியவில்லை. என் தலையைக் குனிந்து காட்டினேன்.

ஆசாரத்தில் ஒரு பழைய ஃபேன் உண்டு. சுற்றுக்கு ஒரு முறை டக் என்று சத்தம் போடும். செயலி அதைக் கேட்டுவிட்டு, 'யாரோ கதவைத் தட்டுகிறார்கள்' என்று எனக்குச் செய்தி அனுப்பும். ஃபேனைச் சரிசெய்யுங்கள் என்று அப்பாவிடம் பலமுறை சொல்லிவிட்டேன். "ஓடுதுல்ல, அப்புறமென்ன?" என்பார். அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் பாக்கெட்டில் ஃபோன் அதிர்ந்தால், ஊரில் வெயில் ஏறிவிட்டது, ஃபேன் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வேன்.

3

அப்பா இறந்தது மாரடைப்பில், மதியம், வரப்பில். தம்பி செந்தில் சேலம் அஸ்தம்பட்டியில் வேலையில் இருந்தான். அவன்தான் சொன்னான்.

நெதர்லாந்தில் தங்குவதற்கான என் வதிவிட அட்டை அப்போது புதுப்பிப்பில் இருந்தது. கையில் அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போனால், திரும்பி நுழைவதற்குக் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை வேண்டும். முத்திரைக்குக் குடியேற்றத் துறை அலுவலகத்தில் முன்பதிவு வேண்டும். முன்பதிவுப் பக்கத்தில் அவசரக் காரணங்களின் பட்டியல் இருந்தது. அதில் 'நெருங்கிய உறவினர் மரணம்' இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் இறப்புச் சான்றிதழைக் கேட்டது. அப்பாவின் உடல் அப்போது ஆசாரத்தில் கிடந்தது. சான்றிதழ் எங்கிருந்து வரும்?

உடல் எடுப்பு மறுநாள். நான் அதைக் கேமராவில் பார்த்தேன். என் அப்பாவை மேலிருந்து பார்த்தேன், பறவை பார்ப்பதுபோல. மாலைகள், தலைகள், வாசலில் மேளம். ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு படத்தின் விளிம்பைத் தாண்டியதும் செயலியை மூடிவிட்டேன். அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

முத்திரை கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது ஆசாரம் கழுவிவிடப்பட்டிருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

4

பலூன் படத்தைத் தொட்டேன்.

நான் வேலை செய்வது வீட்டுக்கான வெப்பநிலைக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில். சோதனைப் பொறியாளர். கருவி என்ன செய்தது என்பதை வரிசைப்படி எழுதுவது என் தொழில். நடைமேடையில் நின்று பார்த்ததையும் அப்படியே வரிசைப்படுத்துகிறேன். வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் கிட்டார் இசை, கூடவே விசில்.

அடுத்து வாசலில் கூட்டம். மேல் ஓரத்தில், 'இத்தனை விருந்தினர்கள்!'

பிறகு மாலைகள், பூக்கள். பிறகு மேளக்காரர்கள்.

பிறகு பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாகக் குனிந்து, ஆடி ஆடி அழுகிறார்கள். எங்கள் ஊரில் இழவு வீட்டில் அப்படித்தான் அழுவார்கள். செயலி அதன் கீழே 'நடனம்' என்று எழுதியிருந்தது.

கடைசியாக, வெள்ளைச் சேலை.

இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு, கணவனை இழந்தவளின் தாலியைக் கழற்றி வாங்குவார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி அதை யாரும் பார்க்கக் கூடாது. சுமங்கலிகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். பெற்ற மகளானாலும், கட்டிக்கொடுத்தவள் என்றால் அங்கே நிற்கக் கூடாது. ஏற்கெனவே கணவனை இழந்த பெண்கள் மட்டும், பிறந்த வீட்டிலிருந்து வந்த வெள்ளைக் கோடிச் சேலையைச் சுற்றிலும் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் திரைக்குள்ளேதான் அது நடக்கும். நான் ஊரில் இருந்திருந்தாலும் வாசலில்தான் நின்றிருப்பேன். இந்த வழக்கம் சரியா என்று என்னைக் கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் அந்தச் சேலை எதற்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நாளில் அம்மாவுக்கு மிஞ்சிய மறைவு அது ஒன்றுதான்.

அவர்கள் நான்கு பக்கமும் மறைத்தார்கள். மேலே மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. மேலிருந்து யார் பார்ப்பார்கள்?

கேமரா மேலிருந்து பார்த்தது. வெள்ளைச் சதுரத்துக்கு நடுவே அம்மாவின் வகிடு. கழுத்துக்குப் போகிற ஒரு கை. அம்மாவின் இரண்டு கைகளும் அந்தக் கையைப் பிடித்துத் தடுக்கின்றன. பிறகு விட்டுவிடுகின்றன.

விசில் தொடர்ந்தது. திரையில் எழுத்து வந்தது: 'இன்னும் பல இனிய தருணங்கள் காத்திருக்கின்றன. இதுவரையான எல்லா நினைவுகளையும் திரும்பப் பெற, பிரீமியம் திட்டத்துக்கு மாறுங்கள்.'

பதிவுகள் முப்பது நாளில் அழிந்துவிடும் என்றுதான் கேமரா நிறுவனம் சொல்லியிருந்தது. நிபந்தனைகளை எடுத்து முழுவதும் படித்தேன். அழிந்துவிடும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. 'உங்கள் பார்வையிலிருந்து நீக்கப்படும்' என்று எழுதியிருந்தது. நாம் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அவர்கள் 'சேவையை மேம்படுத்த' வைத்துக்கொள்வார்கள். எங்கோ ஒரு நாட்டில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கூட்டம், பூ, மேளம் என்று குறித்துக் கொடுத்து இயந்திரத்துக்குக் கற்றுத்தருகிறவர்களும் பார்த்திருக்கலாம்.

வீடியோவின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது.

'இதைப் பார்த்தவர்: அப்பா.'

ரயில் வந்து நின்று, கதவு திறந்து மூடி, போய்விட்டது. நான் ஏறவில்லை.

அப்பாவின் ஃபோனை அம்மா இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். அவருக்கு இப்போது அதுதான் ஃபோன். செயலிக்கு அது தெரியாது.

5

மறுநாள் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். அதில் இணைந்திருந்த ஃபோன்கள்: அப்பாவுடையது, என்னுடையது, செந்திலுடையது, குமாரண்ணனுடையது. கடைசிப் பெயரைப் பார்த்ததும் அவரைத்தான் கூப்பிட்டேன்.

"ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுக் கேமரா உங்க ஃபோன்ல இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க அம்மிணி. உங்க ஊடு மட்டுமில்ல, நான் மாட்டுன அத்தன ஊடும் இருக்குது. ரிப்பேர்னா நாந்தான பாக்கோணும்?"

"நேத்து பாட்டோட ஒரு வீடியோ வந்துச்சுங்களா?"

"என்னமோ வந்துச்சுங்க. தெறக்கல. நாள் முச்சூடும் 'ஆள் வந்திருக்காங்க, ஆள் வந்திருக்காங்க'ன்னு வந்துட்டே கெடக்கும். போயிப் பாத்தா கோழி. இல்லீன்னா நாயி. மனுசன் வந்ததா ஒருநாளும் வல்லீங்க." பிறகு குரல் இறங்கியது. "ஏன் அம்மிணி, ஏதாவது ஏடாகூடமா?"

"எங்க ஊட்ட மட்டும் உங்க ஃபோன்ல இருந்து எடுத்துருங்கண்ணா. நான் லைன்லயே இருக்கறேன்."

எடுத்துவிட்டார். எதற்கு என்று மறுபடி கேட்கவில்லை. ஊர் முழுக்க ஆசாரங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற மனிதர், ஒன்றைக்கூட எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறார். அதை மட்டும் நம்பி இத்தனை குடும்பங்கள் அங்கே சேலை மாற்றிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கின்றன.

கேமரா நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதினேன். அரட்டைப் பெட்டியில் பதில் வந்தது.

'அந்தத் தருணத்தை மட்டும் நீக்க இயலாது. கணக்கை முழுமையாக மூடினால் எல்லாப் பதிவுகளும் நிரந்தரமாக அழிக்கப்படும். அதற்கு உரிமையாளர் இணைப்பில் வர வேண்டும்.'

'உரிமையாளர் என் அப்பா. அவர் இறந்துவிட்டார்.'

'வருந்துகிறோம். அவரிடமிருந்து ஓர் ஒப்புதல் கடிதம் பெற்றுத் தர இயலுமா?'

நான் வாழும் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது, என்னைப் பற்றிய தகவலை அழி என்று நான் கேட்கலாம் என்று எழுதினேன். கணக்கு இந்தியாவில் பதிவானது, ஆகவே அது பொருந்தாது என்றார்கள். என் அம்மாவின் கழுத்து எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன்.

இரண்டு வழிகள் மிஞ்சின. இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் ஆங்கிலத்தில் மாற்றி, முத்திரை வாங்கி அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். அல்லது, அப்பாவின் எண்ணுக்கு வருகிற ஓடிபியைப் போட்டு, 'நானே உரிமையாளர்' என்ற கட்டத்தில் குறியிடலாம்.

செந்திலிடம் சொன்னேன். அம்மா பார்த்துவிட்டார் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. பிறகு வேறொன்று கேட்டான்.

"அக்கா, அப்ப அப்பா கை காட்டுனது? அதுவும் அவங்ககிட்ட இருக்குமுங்களா?"

நானும் அதைத்தான் முதல் நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இதுவரையான எல்லா நினைவுகளும் என்றால், அப்பா இறப்பதற்கு முந்தைய நாட்கள் அந்தக் கணக்கில் வராமலா போகும்? அழிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த அந்தக் கை, எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் அசைந்துகொண்டிருக்கிறது.

"இருக்கலாம்டா. பிரீமியம் போட்டாத்தான் தெரியும்."

"போட்டு அதை எறக்கிட்டு, அப்புறம் மூடலாமுங்களே?"

விசாரித்தேன். பழைய பதிவுகளைக் கேட்டால் தயாரித்து அனுப்ப வாரக்கணக்கில் ஆகுமாம். அதுவரை 'நினைவுகள்' தொடர்ந்து வரும். நிறுத்த முடியாது, அது திட்டத்தின் ஒரு பகுதி. கருமாதி நாளும் கூட்டமான நாள்தான். அடுத்த பலூன் அதற்கு வரும்.

"அக்கா, நீங்களே முடிவு பண்ணுங்க," என்றான். "எனக்கு ஒண்ணுமே ஓடலீங்க."

6

அந்தச் சனிக்கிழமை மேசைக் கணினியில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அந்த வாரம் முழுக்க ஆசாரம் வெறுமையாக இருந்தது. அம்மா வழக்கமாக அங்கேதான் முருங்கைக்கீரை உருவுவார், அங்கேதான் சாப்பிடுவார், சீரியல் பார்ப்பார். அப்பாவுக்கு வருஷத் திதி கும்பிட்டதிலிருந்து ஒருமுறைகூட அம்மாவின் தலை படத்தில் நிற்கவில்லை. வாசலுக்குப் போக வேண்டுமானால் சுவரோரமாக, முக்காடு போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று கடந்தார். ஃபேன் ஓடவில்லை. என் ஃபோனும் அதிரவில்லை.

"சாப்டயா சாமி?"

"சாப்ட்டேனுங்கம்மா. எங்க இருக்கீங்க?"

"அடுப்படில."

"இந்த வெயிலுக்கு அடுப்படியிலயா? ஆசாரத்துக்கு வந்து உக்காருங்கம்மா."

"இங்கயே இருந்துக்கறேன் சாமி. இங்க நல்லாத்தான் இருக்குது."

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. வீடியோவைப் பற்றிச் சொன்னேன். அவர் பார்த்ததும் எனக்குத் தெரியும் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நீ பாத்தியா?"

"இல்லீங்கம்மா. சேல வந்த எடத்துலயே மூடிட்டேன்."

அது பொய். அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும். சேலைக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் நான் எப்படி அவரைக் கூப்பிட்டிருப்பேன்?

"நல்லது கண்ணு," என்றார். "கட்டிக்குடுத்த புள்ள பாக்கக் கூடாது."

பிறகு அவரே தொடங்கினார். "நானும் பாக்கோணும்னு பாக்கலீடா. அப்பா போட்டோ வருதுன்னு தொட்டேன். பாட்டுச் சத்தம் வந்துச்சு. என்னடா இதுன்னு பாத்தா, நம்ம ஊடு. எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடி வெச்சேன்."

அழிக்க ஒரு வழி இருக்கிறது என்றேன். அதோடு அப்பா கை காட்டியதும் போய்விடும் என்றேன்.

"ஒண்ண வெச்சுட்டு ஒண்ண அழிக்க முடியாதா? நீ இதுக்குத்தான படிச்ச?"

"முடியாதுங்கம்மா."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும் சாமி. அவரு இருக்கறாருல்ல அதுல. நீ மொகத்தக் கூடப் பாக்கல, எடுக்கும்போது நீ இங்க இல்ல. உனக்குன்னு அது ஒண்ணுதான இருக்குது." பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "நானு என்ன, அடுப்படியிலயே இருந்துக்கறேன். யாரு பாத்தா எனக்கென்ன இனி."

கணினியில் ஆசாரம் தெரிந்தது. சுத்தமாகப் பெருக்கிய தரை, அப்பாவின் நாற்காலி, ஓடாத ஃபேன். அந்த வீட்டில் அம்மாவுக்கு இருக்கிற அறைகளே மூன்று. எனக்காக அதில் ஒன்றை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்.

"அம்மா, ஃபோன ஸ்பீக்கர்ல போடுங்க. இப்ப அப்பா நம்பருக்கு ஒரு மெசேஜ் வரும். அதுல இருக்கற நம்பர மட்டும் படிங்க."

"எதுக்கு?"

"படிங்கம்மா."

"யோசிச்சுக்க சாமி."

"யோசிச்சுட்டேனுங்க."

மெசேஜ் வந்த மணி இங்கே எனக்குக் கேட்டது. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக, முதல் வகுப்புப் பிள்ளை படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். கடைசி எண்ணுக்கு முன்னால் நின்றார். எனக்காக நின்றார் என்று நினைக்கிறேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் படித்தார்.

'நானே உரிமையாளர்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். உறுதிதானா என்று கேட்டது. ஆம். காரணம் கேட்டு ஒரு பட்டியல் கொடுத்தது: விலை அதிகம், வேறு கருவி வாங்கிவிட்டேன், வீடு மாறுகிறேன். 'மற்றவை' என்பதைத் தொட்டேன்.

ஆசாரம் திரையிலிருந்து மறைந்தது. 'உங்கள் முதல் கேமராவைச் சேருங்கள்' என்று எழுத்து வந்தது.

"போயிருச்சா சாமி?"

"போயிருச்சுங்கம்மா."

"எல்லாமா?"

"எல்லாமுங்க."

"அப்பா?"

"அவருந்தாங்கம்மா."

அம்மா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. சமையலறைக் கதவு கிறீச்சிட்டது. ஒரு சுவிட்ச் போடும் ஓசை. பிறகு, மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்து, டக், டக், டக் என்று அந்த ஃபேன்.

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டுவதாக எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.